ஒன்றுக்கு ஐந்நூறு என்று எழுதிவிட்டால்

கோபத்தில் இருக்கும் என் மகனுக்கு, கோபம் இன்னும் தணியாத உன் அம்மா எழுதுவது.

உன் ரூமுக்குக் கீழே இருக்கும் கடைக்கு இந்த வாரம் போன் செய்தேன். கடைக்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பக்கத்துலதான் நிக்கறாருங்க, ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றாருங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். போனை எடுக்காமல் இருக்கலாம், கடிதத்தை என்ன செய்வாய்? கிழித்துப் போட்டாலும் நாலு வரி கண்ணில் பட்டுத்தானே கிழிப்பாய். உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை, மூடி மறைத்து எழுத இதில் ஒன்றுமில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதப்போகிறேன். நடந்தது என்ன என்று உனக்குத் தெரியும். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று மட்டும் நீ கேட்கவே இல்லை.

பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தில் எங்காவது ஓரிடத்தில் மன்னிப்புக் கேட்பது வழக்கம். இதில் அதைத் தேடாதே. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டி, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நீ கேட்டாய்: “ஒரு கோட்டுக்காக என் வேலையத் தொலச்சிட்டியேம்மா, சந்தோஷமா?” அப்பா வர்க்கி ரொட்டிப் பொட்டலத்தை உன்னிடம் நீட்டியபடி நின்றார். நீ வாங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான். சந்தோஷமில்லை. ஆனால் நாளைக்கே என்னை மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன்.

தேயிலைக்கு விலை இருந்தவரை இந்த மலையில் யாரும் நிலத்தை அளந்து பார்க்கவில்லை. விலை விழுந்ததும் எது யாருடையது என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. பறித்த இலையை ஃபேக்டரி வாங்காமல் மூட்டை மூட்டையாக ரோட்டோரத்தில் கருகிக் கிடந்ததை நீயும் பார்த்தாய். அப்பாவின் ஃபேக்டரியில் முதலில் நைட் ஷிப்ட் போயிற்று, பிறகு பகல் ஷிப்டிலும் ஆளைக் குறைத்தார்கள். ஜெகதளாவில் நம் தெருப் பையன்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பஸ் ஏறினார்கள். நான் பிளான் வரைந்த இன்ஜினியர் ஆபீசில் மட்டும் வேலை குவிந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எஸ்டேட்டை விற்கிறவருக்கும் பிளான் வேண்டும், வாங்கிப் பிரிக்கிறவருக்கும் பிளான் வேண்டும். இலை விலை இறங்க இறங்க இன்ஜினியர் சார் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்றாக வாங்கிப் போட்டார். டிப்ளமோ முடித்த கையோடு நீயும் அங்கேயே வந்து சேர்ந்தாய். கோயம்புத்தூரில் திறக்கப்போகும் கிளைக்கு உன்னைத்தான் அனுப்பப்போவதாக அவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நான் அதைக் கேட்டுப் பூரித்துப்போனதும் உண்மை.

கையால் வரைந்த காலத்தை நினைத்து நான் பெருமூச்சு விடுவேன் என்று நினைக்காதே. ட்ரேசிங் தாளில் ஒரு கோடு தவறினால் பிளேடை வைத்துச் சுரண்டிச் சுரண்டி, தாள் ஓட்டையாகி, மறுபடி முதலிலிருந்து. எனக்கு அது பிடித்ததே இல்லை. கம்ப்யூட்டரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. டிப்ளமோ லீவில் ஆபீசுக்கு வந்து, மவுசைப் பிடித்திருந்த என் கையின் மேல் உன் கையை வைத்து, “இதுல சின்னதாக்கி வரையக் கூடாதும்மா. வீடு முப்பது அடின்னா முப்பது அடியாவே வரை” என்றாய். எனக்கு மெய்சிலிர்த்தது. வாழ்நாளெல்லாம் எல்லாவற்றையும் சுருக்கிச் சுருக்கியே வரைந்தவள் நான். அந்தத் திரைக்குள் வீடு வீட்டின் அளவிலேயே நிற்கிறது, மலை மலையின் அளவிலேயே கிடக்கிறது. மாடல் என்று சொல்லும் அந்த இடத்தில் பொய் சொல்லவே முடியாது என்று எனக்குப் பட்டது. தாளுக்குக் கொண்டுவரும்போதுதான் வினை. லேஅவுட் என்ற வெற்றுத் தாளில் வியூபோர்ட் என்று ஒரு ஜன்னலைத் திறந்து, அதன் வழியே மாடலைப் பார்க்கிறோம். ஜன்னல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்குப் படம் சின்னதாகும். ஒன்றுக்கு ஐந்நூறு என்றால் தாளில் ஓர் அங்குலம், தரையில் ஐந்நூறு அங்குலம். இதை அப்பாவுக்குச் சொன்னபோது, “போட்டோ புடிக்கறவன் பின்னால நகந்து போற மாதிரியா?” என்று கேட்டார். அதேதான். ஒரு வித்தியாசம், போட்டோக்காரன் படத்துக்குக் கீழே அளவு எழுதுவதில்லை. நாம் எழுதுகிறோம்.

நாலாம் வகுப்பில் நீ ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? நம் தெருவை வரையச் சொன்னார்கள். நீ நம் வீட்டை அரண்மனை மாதிரிப் பெரிதாகவும் பள்ளிக்கூடத்தைத் தீப்பெட்டி மாதிரியும் போட்டிருந்தாய். டீச்சர் சிவப்பு மையால் அடித்து, வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டார். நான் மறுநாளே ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து டீச்சரிடம் சண்டை போட்டேன். பையன் இதில் எங்கேயாவது அளவு எழுதியிருக்கிறானா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். அப்படியானால் இது அவன் மனசில் இருக்கிற தெரு, இதில் தப்பே கிடையாது, அளவு எழுதியிருந்தால் நானே அடித்திருப்பேன் என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அம்மா எதற்கெடுத்தாலும் சண்டைக்காரி என்ற பெயர் உனக்குள் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும். விழட்டும். எதை எப்படி வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் அடியில் ஓர் அளவு விகிதத்தை எழுதிவிட்டால் அது வாக்குக் கொடுத்த மாதிரி என்பதில் நான் அன்றைக்கும் மாறவில்லை, இன்றைக்கும் மாறவில்லை.

காந்தலில் ஒருவர் வீட்டுக்கு நீ பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கதையும் உண்டே. பெரிய தாளுக்குப் போட்ட படத்தைச் சின்னத் தாளில் அடங்குமாறு எடுத்துவிட்டாய். படம் கொஞ்சம் சுருங்கியது, அடியில் எழுதிய அளவு சுருங்கவில்லை. மேஸ்திரி தாளில் ஸ்கேலை வைத்து அளந்து கதவு வைத்தார். கிரகப்பிரவேசத்தன்று பீரோ உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், வீட்டுக்காரரும்தான் சிரித்தார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் படமானாலும் மாடலுக்குள்ளேயே, படத்தின் பக்கத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அளவுப் பட்டை ஒன்றை வரைந்துவிடுவேன். நூறடிப் பட்டை என்றால் அது நூறடிதான். படம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும். யார் எந்தத் தாளில் எப்படி எடுத்தாலும் அந்தப் பட்டையைக் கொண்டு அளந்துகொள்ளலாம். எழுத்து பொய் சொன்னாலும் பட்டை சொல்லாது. அதை நீ ‘அம்மாவோட வரிக்குதிரை’ என்று கேலி செய்வாய்.

அந்த எஸ்டேட் வேலைக்கு வருகிறேன். ஃபேக்டரியை மூடிவிட்டு, தேயிலைக் காட்டைக் காட்டேஜ் மனைகளாகப் பிரித்து விற்க முடிவு செய்தார்கள். லைன் வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வீடும், வீட்டுக்குப் பின்னால் முப்பது அடித் தோட்டமும் அவர்களுக்கு. மற்ற இடத்தில் அவர்கள் உரிமை கேட்கக் கூடாது. அந்த முப்பது அடிக்குள்தான் ஊற்று இருக்கிறது. கோடையிலும் வற்றாத ஊற்று. லைனில் எல்லோருக்கும் மூத்தவர் பாக்கியம் அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் அதைப் பீலி என்பார், அங்கே தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு அதுதான் பெயராம். அவருக்கு வீட்டைவிடப் பீலிதான் பெரிது. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்களோடு அந்தச் சரிவு முழுக்க ஏறி இறங்கி, அட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்து அளந்து வந்தேன். அளந்ததை மாடலில் அப்படியே போட்டேன். லேஅவுட் போட்டுப் பிரிண்ட் எடுக்கும் வேலை உன்னுடையது.

மேல் ரோடும் கீழ் ஓடையும் ஒரே தாளில் அடங்கவில்லை. நீ ஜன்னலுக்குள் நின்றபடியே மவுசின் உருளையைச் சுழற்றினாய். படம் பின்னால் போயிற்று, எல்லாம் அடங்கிவிட்டது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஒன்றுக்கு ஐந்நூறாக இருந்தது ஒன்றுக்கு அறுநூற்று இருபத்தைந்து ஆகிவிட்டது. அடியில் கையால் தட்டிய ‘1:500’ மட்டும் அப்படியே நின்றது. என் வரிக்குதிரை நகர்ந்துபோய்த் தலைப்புக் கட்டத்தின் மேல் ஏறி நின்றதால் அதைத் தாளில் வராமல் மறைத்துவிட்டாய். ஜன்னலைப் பூட்டி வைத்திருந்தால் உருளை ஒன்றும் செய்திருக்காது, பூட்டவும் மறந்துவிட்டாய். இதற்காக ஒரு நாளும் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும். இதைத் தெரிந்துகொள், இன்றைக்கும் கோபம் இல்லை.

அந்தத் தாளில் லைன்காரர்கள் எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். தோட்டத்தின் நீளத்தைப் படத்தில் எண்ணாக எழுதவில்லை, விகிதம் இருக்கிறதே அளந்துகொள்ளலாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அவருடைய ஆட்கள் தாளில் ஸ்கேலை வைத்து அளந்து எல்லைக் கல் நட்டார்கள். முப்பது அடி இருபத்து நாலாகிவிட்டது. மறுநாள் காலை பாக்கியம் அக்கா ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். “பீலிக்கு இந்தப் பக்கமே கல்ல நட்டுட்டுப் போயிட்டாங்க புள்ள. அப்ப தண்ணி யாருக்கு?” என்று கேட்டார். நான் உன் கம்ப்யூட்டரைத் திறந்து படத்தின் ஜன்னலைக் கிளிக் செய்து அளவைப் பார்த்தேன். நீயும் என் பின்னால் நின்று பார்த்தாய். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். “ஐயோ, என் தப்பும்மா” என்று மெதுவாகச் சொன்னாய். அந்த நிமிஷத்தில் உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பிறகு நாம் இருவரும் சேர்ந்துதானே இன்ஜினியர் சாரிடம் போனோம். அவர் முதலில் பதறினார். பிறகு எழுந்து போய் அறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கீழே காட்டேஜ் கட்டப்போகிறவருக்கு அந்த ஊற்றின் மேல் கண் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். “ஏனுங்க, பேனைப் பெருமாளாக்காதீங்க. அளவுக்கு வரையலைன்னு அடியில ஒரு வரி போட்டுருங்க, முடிஞ்சுது” என்றார். கல் நட்ட இடத்திலேயே இருக்கும், கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கும், நம் மேல் பழி மட்டும் வராது. கேட்க எவ்வளவு சுளுவாக இருக்கிறது பார். அளவுக்கு வரையப்படவில்லை என்று எழுதுவது குற்றமல்ல, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் படத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளை வைத்து அளந்து கல்லும் நட்டுவிட்ட பிறகு அதையே எழுதினால் அதற்குப் பெயர் வேறு. நான் முடியாது என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தபடி, “போட்டுடலாம் சார்” என்றாய்.

எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். உருளையைச் சுழற்றிய இடத்தில் வரவில்லை. உன் தப்பு என்று தெரிந்து முகம் வெளுத்த பையன், ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தப்புக்குக் குடை பிடிக்கிறானே என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஊரோடு ஒத்துப் போக வேண்டும் என்றாய். கோயம்புத்தூர் கிளை கைவிட்டுப் போகும் என்றாய். உப்பிட்டவரை நினைக்க வேண்டாமா என்றாய். நினைக்கிறேன் சாமி. அவரிடம் உப்பைத் தின்றது வரைந்து கொடுத்ததற்கு, வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இல்லை. ஊரோடு ஒத்துப் போ என்கிறாயே, எந்த ஊரோடு? லைனில் இருப்பது ஊர் இல்லையா?

அடுத்த ஞாயிறு மூடிக் கிடந்த எஸ்டேட் ஆபீசுக்கு முன்னால், காலையில் மஸ்டர் போட்டு ஆள் எண்ணும் இடத்தில் எல்லோரும் கூடினார்கள். எஸ்டேட் மேனேஜர் இருந்தார், இன்ஜினியர் இருந்தார், நீ ஜீப்பின் பக்கத்தில் நின்றாய். கல்லைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இன்ஜினியர் ஒரே பதில் சொன்னார்: தாளில் உள்ளபடிதான் கல், தாளில் கையெழுத்துப் போட்டது நீங்கள். நான் முக்கோண ஸ்கேலை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். ஊற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் லைன் வீடுகளின் மேல் ஸ்கேலை வைத்து ஒன்றுக்கு ஐந்நூறு கணக்கில் அளந்து, “இந்தத் தாளு சரின்னா உங்க ஊடு ஒவ்வொண்ணும் எட்டடி அகலங்க” என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. லைன் வீடு பத்தடி அகலம் என்பது இந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பாக்கியம் அக்காதான் முதலில் சிரித்தார். “எட்டடிக் காம்பராவுலயா புள்ள நாங்க அத்தன பேரும் பாய் விரிச்சுப் படுத்தோம்?” என்றார். வீடு சுருங்கியிருந்தால் கல் சரி, வீடு சுருங்கவில்லை என்றால் கல் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கேலை மடியில் சொருகிக்கொண்டேன். எட்டடி வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

அப்போதுதான் இன்ஜினியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்துத்தான் கேட்டார். “சரிங்க, இந்தத் தாளப் போட்டது யாருன்னு இவங்களுக்குச் சொல்லுங்க பாக்கலாம்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையை ஆட்டி வேண்டாம் என்றாய். கெஞ்சினாய் என்றே சொல்ல வேண்டும்.

“என் பையன்தானுங்க” என்றேன்.

உன் கோபம் கோட்டினால் இல்லை, வேலையினாலும் இல்லை, இந்த இரண்டு வார்த்தையால்தான் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நீ இதைச் சொல்லவில்லை, வேறெதையோ சொன்னாய். நான் சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவில் காட்டிக்கொடுத்த அம்மா என்று இந்த ஊரில் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் என் காது படவே பேசினார்கள். பேசட்டும். நான் அங்கே உன் பெயரை விழுங்கியிருந்தால், தன் வீட்டுப் பிள்ளை என்றால் இவளும் மறைக்கிறவள்தான் என்று ஆகியிருக்கும். அதற்கு முன் சொன்ன அத்தனையும் காற்றில் போயிருக்கும். இன்ஜினியர் கேட்டதே அதற்குத்தான். உன்னைக் காப்பாற்றும் வழி ஒன்று இருந்தது, அதற்கு விலை அவர்களுடைய தண்ணீர். அந்த விலைக்கு நான் உன்னை வாங்க மாட்டேன். நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பதால்தான் வாங்க மாட்டேன். இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும். எழுதும்போது எனக்கும் வலிக்கிறது. இருந்தாலும் எழுதியதை அடிக்கவில்லை.

நான் ஏதோ மாலை மரியாதையோடு திரும்பி வந்தேன் என்று நினைத்துவிடாதே. மறுநாளே ஆபீசுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், உன்னையும் சேர்த்து. மேனேஜர் ஒப்பந்தத்தையே நிறுத்தி வைத்தார். லைன்காரர்களுக்கு வீட்டுக் காகிதமும் வரவில்லை. பாக்கியம் அக்கா நம் வீட்டுக்கே வந்து என்னோடு சண்டை போட்டார். “ஆறடி போனாப் போகுதுன்னு இருந்திருந்தா காகிதமாவது கையில இருந்திருக்கும். இப்ப ரெண்டும் இல்ல” என்று ஏசினார். அப்பா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு மறுபடி ஏசினார். நியாயமான ஏச்சு என்று நானும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் எழுந்தபோது, வாசலில் நின்று, சிலோனில் தன் அப்பா எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பயந்து பயந்து கைநாட்டு வைத்ததைச் சொன்னார். அப்படி வைத்த ஒன்றில்தான் குடும்பமே கப்பலேறியதாம். “நாங்க வாசிச்சுப் பாத்தே வச்சதில்ல” என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு லைனில் ஒருவரும் பழைய தாளுக்குச் சம்மதிக்கவில்லை. அவர்தான் வீடு வீடாகப் போய் ஆளைச் சேர்த்தார்.

இப்போது நடப்பது உனக்குத் தெரியாது. மேனேஜர் இறங்கி வந்திருக்கிறார். புதுத் தாள் போட்டுக்கொண்டு வந்தால் கல்லை மாற்றி நடச் சம்மதம் என்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. வரைந்தவளே சரி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னொருவர் தாளையும் தரையையும் அளந்து பார்த்து, சரிபார்த்தவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு தாள் வராவிட்டால் பழைய கல்லே நிலைக்கும், ஊற்று கீழே போய்விடும். அவர் கேட்பது முறைதான், நான் அவரிடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். பெட்போர்டு கம்ப்யூட்டர் சென்டரில் மணிக் கணக்குக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். ஜன்னலை ஒன்றுக்கு ஐந்நூறில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரே தாளில் அடங்கவில்லை, அதனால் இரண்டு தாளாகப் போட்டேன். அடங்கவில்லை என்றால் இன்னொரு தாள் போட வேண்டியதுதானே, மலையையா சுருக்குவது? வரிக்குதிரையும் இரண்டிலும் நிற்கிறது.

சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. குன்னூரிலும் வெலிங்டனிலும் எனக்குத் தெரிந்த வரைகிறவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு லீவு கிடைக்காது, ஒருவருக்கு முட்டி வலி, ஒருவர் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். இன்ஜினியரைப் பகைக்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. நேற்று லைனில் எல்லோரும் கூடி, வேறு யார்தான் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன். பாக்கியம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, “தப்பாப் போட்ட அந்தப் பையனா?” என்றார். அவனேதான் என்றேன். தாளில் தப்பு எந்த வழியாக உள்ளே வரும் என்று அவனுக்குத் தெரிந்த மாதிரி இன்றைக்கு இந்த மலையில் வேறு யாருக்கும் தெரியாது என்றேன். ஒரு தடவை சறுக்கினவனைக் காலமெல்லாம் சறுக்கினவன் என்று வைத்திருப்பதானால் நானும் இந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் போகிறேன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பிறகு அக்கா, “வந்தா வரட்டும்” என்றார். எந்தக் கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னேனோ அதே கூட்டத்தில்தான் இதையும் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடலாம். ஞாயிறு காலை ஒரு முறை தரையில் டேப் பிடித்துப் பார்த்துவிடலாம், மறுமுனையை அப்பா பிடிப்பார். என் வரைபடத்தில் ஓர் அடி தப்பு இருந்தாலும் சிவப்பு மையால் அடி. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே, இது என் அம்மா செய்த தப்பு என்று சொல். நான் தலையைக் குனிய மாட்டேன், திருத்திக் கொடுப்பேன். தப்பு இல்லை என்றால் கையெழுத்துப் போடு. இந்த இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சரி. என்னோடு பேசாமலேயே இரண்டையும் செய்யலாம், அதற்கும் நான் குறுக்கே வர மாட்டேன்.

சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் உன் பெயரை நான் தட்டவில்லை. நீ அளந்து பார்க்காமல் அதை எழுதினால், அதுவும் அந்த ஒன்றுக்கு ஐந்நூறு மாதிரிதான். வெறுமையாக விட்டிருக்கிறேன், வேறொருவர் பெயரும் அதில் ஏறாது. வரும்போது உன் ஸ்கேலைக் கொண்டு வா. என்னுடையதை நம்பி அளக்காதே.